சைட்டுக்கு வரும் தம்பி, தங்கச்சிகளுக்கு

ஊரில் படித்து முடித்துச் சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்கு வந்திருக்கிறீர்கள். மழைத்தண்ணீர் விஷயத்தில் சில சொற்கள் சொல்கிறேன்.

1. வடிகால் விதிநூலைத் திறக்குமுன் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். லிட்டில் இந்தியாவில் பெய்யும் மழை ரோச்சோர் கால்வாயில் இறங்கி மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2008இல் மரினா அணைக்கட்டு திறந்தபின் அது குடிநீருக்கான ஏரி. லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், நீங்கள் தள்ளும் சேறு அங்கேதான் போகும்.

2. ஊர்க் கணக்கை இங்கே போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானது. நிலத்தடி நீர் ஊற வேண்டும் என்பது அதன் நோக்கம். இங்கே கவலை வேறு. கொட்டித் தீர்க்கும் அந்த அரைமணி நேரம் கால்வாய் தாங்க வேண்டும். 2014 ஜனவரி முதல், 0.2 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள மனையில் கட்டினால், பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் பெருமழைக்கும் மனையிலிருந்து வடிகாலுக்குப் போகும் உச்ச ஓட்டம் 0.55 ஓட்டக் கெழுவுக்கு (பெய்யும் மழையில் வழிந்தோடும் பங்கு) உரிய அளவைத் தாண்டக்கூடாது. முழுக்கக் கான்கிரீட் போட்ட மனையில் அந்தக் கெழு 1ஐ நெருங்கும். மிச்சத்தைத் தொட்டியிலோ மழைத்தோட்டத்திலோ பிடித்து வைத்து மெல்ல விட வேண்டும். 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

3. ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டினால் புத்தகமே வேறு. மலேசியாவின் 'எம்எஸ்எம்ஏ' எனும் மழைநீர் மேலாண்மைக் கையேடு 2012இல் இரண்டாம் பதிப்பு கண்டது. இங்கே போட்ட தொட்டிக் கணக்கை அங்குள்ள வரைபடத்தில் ஒட்டாதீர்கள்.

4. பலர் மாட்டுவது சேற்றில்தான். வெளியேறும் தண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வண்டல் இருக்கக்கூடாது. கண்ணால் பார்த்தே தே தாரிக் (பால் தேநீர்) நிறம் தெரிந்தால் எல்லை எப்போதோ தாண்டிவிட்டது. தகுதிபெற்ற மண்ணரிப்பு நிபுணர் திட்டம் போட்டுக் கையெழுத்திடுவார். ஆனால் மதியம் மூன்று மணிக்கு வானம் கறுக்கும்போது மண்குவியலுக்குக் கான்வாஸ் இழுப்பது நீங்கள்தான். திறந்து கிடக்கும் மண்ணை அன்றன்றைக்கே மூடுங்கள், லாரிச் சக்கரத்தைக் கழுவாமல் வெளியே விடாதீர்கள். சுத்திகரிப்பு எந்திரம் பழுதா? பம்பை நிறுத்துங்கள். மேலதிகாரி முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். பெரிய சைட்டுகளில் வடிகால் வாயில் கேமரா வேறு பார்த்துக்கொண்டிருக்கிறது.

5. வண்டல் தொட்டியில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். அதற்கு வேறு வாரியம், வேறு அபராதம்.

6. டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டைப் புதுப்பிக்கும் வேலைதானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். அந்த மனை 0.2 ஹெக்டேருக்கு எட்டாது, ஆகவே தொட்டி விதி உங்களைத் தொடாது. சேற்று விதி தொடும். அஞ்சடி (கடைவீட்டு முன் நடைபாதை) ஓர லோங்காங்கில் மணல் மூட்டை அடுக்குவதும் சிமெண்டு வாளியைக் கழுவி ஊற்றுவதும் குற்றம்தான்.

7. வடிகால் விதிநூல் அவ்வப்போது திருத்தப்படுகிறது. அலுவலக அலமாரியில் கிடக்கும் பழைய படியை நம்பாமல், பொதுப் பயனீட்டுக் கழக இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் இன்றைய பதிப்பை இந்த வாரமே இறக்கிப் படித்துவிடுங்கள்.