தூணைப் பகிரலாம், தளத்தைப் பகிரலாகாது

விம்பிள்டன், லண்டன்

அன்புள்ள கயல்,

விம்பிள்டனிலிருந்து நகருக்குள் போகும் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில், ஈஸ்ட் பட்னியைத் தாண்டியதும் தேம்ஸ் நதியைக் கடக்கிறது. 1889இல் திறக்கப்பட்ட அந்த ஃபுலம் ரயில்வே பாலத்தின் பக்கவாட்டிலேயே நடைபாதையும் ஓடுகிறது. ரயிலுக்காக எழுப்பிய தூண்களே நடப்பவரையும் தாங்குகின்றன. பெரிய ஆற்றுப் பாலத்தில் பணமும் உழைப்பும் அதிகம் கரைவது தண்ணீருக்கு அடியில்தான். வெள்ளமும் மண்ணரிப்பும் அசைக்காத அடித்தளம் இறக்குவது எளிதல்ல. ரயிலின் பாரத்துக்கென்று இறக்கிய அடித்தளத்தைச் சற்றுப் பலப்படுத்திச் சாலையையும் அதன்மேல் ஏற்றுவது, ஆற்றுக்குள் இன்னொரு வரிசைத் தூண்களைக் கட்டுவதைவிடச் சிக்கனம். ஆனால் பகிர வேண்டியது தூணை மட்டுமே. போக்குவரத்து ஓடும் தளத்தை அல்ல என்பதே என் கருத்து.

இதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. பொலன்னறுவையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில், மகாவலி கங்கைமீது மன்னம்பிட்டியில் பிரித்தானியர் காலத்து இரும்புப் பாலம் இருக்கிறது. அதில் ரயிலும் வாகனங்களும் ஒரே தளத்தில் போயின. ரயில் வந்தால் பஸ்ஸும் லொறியும் கரையில் காத்து நிற்க வேண்டும். 2007இல் வாகனங்களுக்குத் தனிப் பாலம் திறந்த பிறகே அந்தக் காத்திருப்பு தீர்ந்தது. ஆனால் நியூகாசிலில் டைன் நதிமீது ராபர்ட் ஸ்டீபன்சன் வடிவமைத்து 1849இல் திறக்கப்பட்ட பாலத்தில் மேலே ரயில், கீழே சாலை. ஒன்றுக்காக மற்றொன்று நிற்பதில்லை.

ஒரு விபத்து நேர்ந்தால் இரண்டு வழியும் அடைபடாதா என்று நீ கேட்கலாம். நியாயமான அச்சம்தான், இரண்டு பாலம் கட்ட வசதியுள்ள இடத்தில் தனித்தனியாகவே கட்டலாம். அந்த வசதி எல்லா ஆற்றிலும் வாய்ப்பதில்லை. அசாமில் பிரம்மபுத்திராவின் குறுக்கே நிற்கும் போகிபீல் பாலம் 4.94 கிலோமீட்டர் நீளம். 1997இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2018 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. ஒரு பாலத்துக்கே இருபது ஆண்டுக்கு மேல் ஆன இடத்தில், இரண்டாவதற்காக மக்களைப் படகுத்துறையில் காக்க வைப்பது நியாயமாகாது. அங்கே கீழ்த்தளத்தில் இரட்டை ரயில் பாதையும் மேல்தளத்தில் மூன்று தடச் சாலையும் ஓடுகின்றன. சாலைக்கு மட்டும் தேவைப்படுவதைவிட உயரமும் நீண்ட அணுகுபாதையும் வேண்டும் என்பதும் உண்மை; அந்தக் கூடுதல் வேலை கரையில் முடிந்துவிடும், ஆற்றுக்குள் அல்ல.

ஆகவே, கூட்டுப் பாலம் எதைப் பற்றிப் படித்தாலும், எவ்வளவு மிச்சமானது என்பதோடு நின்றுவிடாதே. ஒருவர் கடக்க இன்னொருவர் காத்து நிற்க வேண்டியிருக்கிறதா என்றும் கேட்டுப் பார். நிற்க வேண்டியிருந்தால், அந்தச் சிக்கனத்தின் விலையை மக்கள் தினமும் தங்கள் நேரத்தால் கட்டுகிறார்கள்.

அன்புடன்,
மாமா