கொதிக்கும் எஞ்சினும் குடும்பக் கணக்கும்

மாணவ நண்பர்களே, பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் நீங்கள் போயிருந்தால் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கக் கூடும். வளைவு ஒன்றின் ஓரத்தில் பழைய பிக்கப் வண்டி ஒன்று நிற்கும். பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்திருப்பார்கள். தூக்கி வைத்த பானட்டின் அடியிலிருந்து ஆவி கிளம்பும். தண்ணீர்க் கேனைக் கையில் பிடித்தபடி ஓட்டுநர் எஞ்சின் ஆறுவதற்காகக் காத்திருப்பார்.

அந்த வண்டி உங்கள் அப்பாவுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது அரிசியும் மளிகையும், இறங்கும்போது காரட்டும் பீன்ஸும் மலைப்பூண்டும் ஏற்றும் வண்டி அது. வீட்டின் வருமானமே அதுதான். கட்டி இழுத்துக்கொண்டு வந்த வண்டியைப் பட்டறையில் பார்த்த மெக்கானிக், “ஹெட் கேஸ்கட் போயிருச்சுண்ணே. எஞ்சினையே இறக்கி முழுசா வேலை பாத்துரலாம். எண்பதாயிரம் ஆகும்” என்கிறார். அக்காவின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்த பணம் அப்பாவின் நினைவுக்கு வருகிறது. செலவு செய்வதா? வண்டியை விற்றுவிடுவதா?

இதற்கு விடை காண உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள வெப்பவியலும் எளிய வகுத்தல் கணக்கும் போதும். வாருங்கள், முயன்று பார்ப்போம்.

வெப்பம் எங்கே போகிறது?

1897-ஆம் ஆண்டு ருடால்ஃப் டீசல் தாம் உருவாக்கிய எஞ்சினைச் சோதித்துக் காட்டியபோது, எரிபொருள் தந்த வெப்பத்தில் சுமார் 26 விழுக்காடு வேலையாக மாறியது. அந்நாளில் அது பெரிய சாதனை. இன்றைய சிறிய டீசல் எஞ்சினிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பங்கு எஞ்சினின் உலோகச் சுவர்களில் இறங்குகிறது. இந்த மூன்றாம் பங்கை வெளியேற்றத்தான் ரேடியேட்டரும் அதில் ஓடும் நீரும் இருக்கின்றன.

அது எவ்வளவு வெப்பம்? பாரத்தோடு சேர்ந்து வண்டியின் எடை 2,500 கிலோ என்போம். பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏற்றம் ஏறத்தாழ 1,800 மீட்டர். எடையை உயரத்தாலும் 9.8 என்னும் புவியீர்ப்பு எண்ணாலும் பெருக்குங்கள். வண்டியை மேலே தூக்க மட்டும் சுமார் 4.4 கோடி ஜூல் வேலை தேவை. சாலையின் உராய்வையும் காற்றின் தடையையும் நாம் சேர்க்கவில்லை. வேலைக்குப் போன அதே அளவு வெப்பம் நீருக்கும் போகிறது அல்லவா? ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்க 2.94 லட்சம் ஜூல் போதும். அப்படியானால் அந்த ஒரே ஏற்றத்தில் 150 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் வெளிப்படுகிறது!

வண்டியிலோ பத்து லிட்டர் அளவுக்குத்தான் நீர் இருக்கிறது. அந்த நீரே திரும்பத் திரும்ப எஞ்சினுக்குள் போய்ச் சூடேறி, ரேடியேட்டருக்கு வந்து காற்றில் ஆறி, மறுபடி உள்ளே போகவேண்டும். இந்தச் சுற்று எங்காவது தடைபட்டால், அடுத்த சில கொண்டை ஊசி வளைவுகளுக்குள்ளேயே ஆவி கிளம்பிவிடும்.

ஒரு சிறிய மூடியின் வேலை

வீட்டில் குக்கரைப் பார்த்திருக்கிறீர்கள். அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடும். ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைச் செய்கிறது. அதன் சுருள்வில், உள்ளேயிருக்கும் அழுத்தத்தை வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 0.9 வளிமண்டல அளவுக்கு உயர்த்திப் பிடிக்கிறது. அதனால் சமவெளியில் நீர் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும்.

மூடியின் ரப்பர் வளையம் வெடித்துவிட்டது என்று வையுங்கள். அழுத்தம் நிற்காது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் காற்றழுத்தமும் குறைவு. அங்கே திறந்த பாத்திரத்து நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல எஞ்சின்களில் நீர்ப் பாதையைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கத் தொடங்குவதே 82 டிகிரி வாக்கில்தான். 82-க்கும் 93-க்கும் நடுவே எஞ்சியிருப்பது 11 டிகிரி மட்டும். சில நூறு ரூபாய் மூடி பழுதானால் பல ஆயிரம் ரூபாய் எஞ்சினுக்கு ஆபத்து வருவது இப்படித்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். மூடியைத் தளர்த்தியதும் அழுத்தம் சட்டென்று குறையும். 100 டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கும் நீர் அந்தக் கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. சூடான கண்ணாடி தம்ளரில் குளிர்ந்த நீர் பட்டால் என்ன ஆகும்? அதுவே ஹெட்டுக்கும் நேரலாம்.

இரண்டு உலோகங்களின் இழுபறி

எஞ்சினின் கீழ்ப்பகுதியான பிளாக் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதன் மேல் மூடிபோல் அமர்ந்திருக்கும் ஹெட் பல வண்டிகளில் அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். எரியும் வாயுவையும், குளிர்விக்கும் நீரையும், மசகு எண்ணெயையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது அந்தத் தகடுதான்.

அது தாங்கும் சுமையைப் பாருங்கள். சிலிண்டரின் விட்டம் 9 சென்டிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 64 சதுர சென்டிமீட்டர். டீசல் எரியும் நொடியில் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோ என்று குறைத்தே மதிப்பிடுவோம். ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை 3,800 கிலோவைத் தாண்டும். வளர்ந்த யானை ஒன்றின் எடை அது! நிமிடத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றும் நான்கு வீச்சு எஞ்சினில் இந்த அடி ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 20 முறை விழுகிறது. ஹெட் போல்ட்டுகள் இறுகப் பிடித்திருப்பதால் கேஸ்கட் தாக்குப்பிடிக்கிறது.

இனி வெப்பத்தின் விளையாட்டைக் காண்போம். ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு நீளும். வார்ப்பிரும்பு சுமார் 11 பங்குதான் நீளும். ஹெட்டின் நீளம் 50 சென்டிமீட்டர், வெப்பநிலை உயர்வு 100 டிகிரி என்று கொள்வோம். அலுமினியம் 1.15 மில்லிமீட்டர் நீள விரும்புகிறது. இரும்பு 0.55 மில்லிமீட்டர் நீள்கிறது. 0.6 மில்லிமீட்டர் வேறுபாடு! ஆனால் போல்ட்டுகள் நகரவிடுவதில்லை. வழக்கமான சூட்டில் இந்த இழுபறியைக் கேஸ்கட் சமாளித்துவிடும். சூடு எல்லை மீறினால் ஹெட் தன் மீட்சி எல்லையைக் கடந்து வளைந்துவிடும். ஆறிய பிறகும் நிமிராது.

எவ்வளவு வளைவை அனுமதிக்கலாம்? பெரும்பாலான எஞ்சின்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். உங்கள் நோட்டுப் புத்தகத் தாளின் தடிமன் என்று சொல்லலாம். அதற்கு மேல் வளைந்தால் லேத் பட்டறையில் ஹெட்டின் முகத்தைச் சீவிச் சமமாக்கவேண்டும். பட்டறைக்காரர்கள் இதைப் ‘பேசிங்’ என்பார்கள்.

நோய் நாடி, அதன் முதல் நாடி

கேஸ்கட் போனது உண்மைதானா? எஞ்சினைப் பிரிக்கும் முன்பே சில அறிகுறிகள் சொல்லிவிடும்.

1. எஞ்சின் நன்கு ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, பிறகு ஓடவிட்டால் நீரில் விடாமல் குமிழிகள் வரும். எரிந்த வாயு நீர்ப் பாதைக்குள் நுழைகிறது என்று பொருள்.

2. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினால் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் இருக்கும். நீர் எண்ணெயில் கலந்துவிட்டது.

3. வெளியே எங்கும் ஒழுக்கு இல்லாமலே நீர் குறையும். புகைக்குழாயில் வெண்புகை நிற்காமல் வரும். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்து மறையும் வெண்புகைக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

4. அழுத்தமானி வைத்துப் பார்த்தால் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்திருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே கேஸ்கட் கிழிந்திருக்கலாம்.

நீலப் புகை வந்தால் கதையே வேறு. எண்ணெய் எரிகிறது, பிஸ்டன் ரிங்குகளோ வால்வுப் பக்கமோ தேய்ந்திருக்கலாம். எஞ்சினை இறக்கும் பேச்சு அப்போதுதான் வரவேண்டும்.

ஆனால், நண்பர்களே, கேஸ்கட் போனதைக் கண்டுபிடித்தது பாதி வேலைதான். அது ஏன் போயிற்று என்று கேட்பதே மறுபாதி. நம் வண்டியின் ரேடியேட்டரில் ஆண்டுக்கணக்காகப் போர் தண்ணீர் ஊற்றி வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுண்ணாம்புப் படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். உலோகத்தோடு ஒப்பிட்டால் அது வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். ஆக, போர் தண்ணீரால் படிவு, படிவால் கொதிப்பு, கொதிப்பால் வளைந்த ஹெட், வளைந்த ஹெட்டால் கிழிந்த கேஸ்கட். சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் மாற்றினால், சில மாதங்களில் அதே வளைவில் அதே கல்லை முட்டுக் கொடுத்து நிற்கவேண்டி வரும்.

சிலர் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்துவிடுவார்கள். எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வரவே நெடுநேரமாகும். டீசலும் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். காய்ச்சல்மானியை உடைத்தால் காய்ச்சல் போய்விடுமா?

கணக்குப் போடுவோம்

இப்போது பணத்துக்கு வருவோம். இங்கே தரும் தொகைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும்.

முதல் வழி: ஹெட் வேலை 25,000 ரூபாய். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, மூடியும் ரப்பர்க் குழாய்களும் மாற்றிப் புதிய கூலன்ட் ஊற்ற 8,000. மொத்தம் 33,000. வண்டி 24 மாதம் ஓடினால் மாதத்துக்கு 1,375 ரூபாய்.

இரண்டாம் வழி: முழு எஞ்சின் வேலை 80,000. ரேடியேட்டர் செலவோடு 88,000. வண்டி 60 மாதம் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 1,467 ரூபாய். ஆனால் சேசிஸ் துருப்பிடித்து 24 மாதத்தில் வண்டியைக் கழிக்க நேர்ந்தால் மாதத்துக்குச் சுமார் 3,667 ரூபாய்!

மூன்றாம் வழி: இருக்கும் நிலையில் 60,000-க்கு விற்று, 4 லட்சத்துக்கு வேறு வண்டி வாங்குவது. கூடுதலாகத் தேவை 3,40,000. அது 96 மாதம் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 3,542 ரூபாய். கடனுக்கு வட்டி தனி.

கவனித்தீர்களா? விடையைத் தீர்மானிப்பது மேலே உள்ள தொகை மட்டுமன்று. கீழே வகுக்கும் மாதங்களின் எண்ணிக்கையும்தான். அந்த எண்ணை ஊகத்தில் எழுதக்கூடாது, அளந்து எழுதவேண்டும். ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டர் லைனரின் தேய்மானத்தை அளவுகருவியால் அளக்கச் சொல்லலாம். எல்லைக்குள் இருந்தால் எஞ்சினை இறக்கவேண்டியதில்லை. சேசிஸின் இணைப்புகளைச் சுத்தியால் தட்டிப் பார்த்தால் துரு எவ்வளவு ஆழம் என்பது தெரியும். அங்கே உளுத்திருந்தால் எந்த எஞ்சின் வேலையும் வீண். பிரேக்கும் ஸ்டியரிங்கும் சேசிஸும் உயிர் சம்பந்தப்பட்டவை. 8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டவேண்டும் என்பதையும், வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லை என்பதையும் கணக்கில் சேருங்கள்.

“போன வருடம்தானே 30,000 ரூபாய்க்கு டயர் போட்டோம், இப்போது எப்படி விற்பது?” என்று அப்பா கேட்கலாம். டயர் நன்றாக இருந்தால் விற்கும் விலையில் அது கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். செலவான பணம் எந்த வழியிலும் திரும்பி வராது. ஆகவே மூன்று வழிகளிலும் அது கணக்கில் ஏறாது. இனி ஆகும் செலவையும் இனி வரும் பயனையும் மட்டுமே ஒப்பிடவேண்டும்.

லைனரும் நன்றாக இருந்து, சேசிஸும் உறுதியாக இருந்தால் 33,000 ரூபாயில் காரியம் முடிகிறது. மிஞ்சும் 55,000 அக்காவின் கட்டணத்துக்கு ஆகும். அளக்கும்படி மெக்கானிக்கிடம் கேட்பதில் தவறில்லை. “லைனரை ஒரு தடவை அளந்து பாத்துரலாமாண்ணே?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல தொழிலாளி அந்தக் கேள்வியை விரும்புவார்.

செய்து பாருங்கள்

மெல்லிய அலுமினியத் தாளையும் சாதாரணத் தாளையும் பசையால் ஒட்டி, உலர்ந்தபின் விரல் அகலத்தில் நீளமாக வெட்டுங்கள். ஒரு முனையை இடுக்கியால் பிடித்து, பெரியவர் ஒருவர் அருகிலிருக்க, மெழுகுவத்திச் சுடருக்கு ஒரு சாண் மேலே காட்டுங்கள். பட்டை எந்தப் பக்கம் வளைகிறது? ஏன்?

சிந்தியுங்கள்

1. ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இறுக்குகிறார்கள். காரணம் என்ன?

2. பாரம் குறைவாக ஏற்றினால் மலைப்பாதையில் எஞ்சின் கொதிப்பது குறையுமா? மேலே கண்ட கணக்கை 2,000 கிலோவுக்குப் போட்டுப் பாருங்கள்.

3. உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரோ மிதிவண்டியோ கடைசியாகப் பழுதானபோது எந்தப் பாகத்தை மாற்றினீர்கள்? அது ஏன் கெட்டது என்று யாராவது கேட்டார்களா?