துணை வேடமும் நடிப்புத் திறனும்: டி. எஸ். பாலையா

கல்வராயன் மலையடியில் விளங்கும் கச்சிராயபாளையத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் தெருக்கூத்துக் கண்டார் ஒன்றை நன்கறிவர். முடி புனைந்து வரும் அரசர் பலராயினும், விடியுமளவும் களரியைத் தாங்குபவன் கட்டியக்காரனே. வாயில் காப்போனும் அவனே, தூதனும் அவனே, நகைப்பூட்டுவோனும் அவனே. அவன் சோர்வானாயின் துரியோதனன் கர்ச்சனையும் பயன்படாது.

பேசும் படத்தில் அவ்விடம் துணை நடிகர்க்கு உரியது. எனினும் நம் மாணவர் நாயகன் பெயரைச் சொல்லியே படத்தை வழங்குகின்றனர். பிற நாட்டிலும் இதுவே நிலை. பிரஞ்சு நடிகராகிய மார்செல் தாலியோ, ழான் ரெனுவார் 1939ஆம் ஆண்டு வெளியிட்ட படமொன்றில் பிரபுவாக விளங்கியவர். பகைவர் தம் நாட்டைக் கைப்பற்றவே அமெரிக்கா புகுந்த அவர், 1942இல் வந்த 'காசாபிளாங்கா'வில் சூதாட்டக் கூடத்துப் பணியாளனாகச் சிறிது நேரமே தோன்றினார். அப்படத்தின் பெயர்ப் பட்டியலிலும் அவருக்கு இடமில்லை.

தமிழில் இவ்வகையினருள் தலைசிறந்தவர் டி. எஸ். பாலையா என்பது எம் கருத்து. 1914இல் பிறந்து, நாடக மேடையிற் பயின்று, எல்லிஸ் டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி'யில் (1936) திரைக்கு வந்தார். எம். ஜி. இராமச்சந்திரனுக்கும் அதுவே முதற்படம். 1937இல் வெளிவந்த 'அம்பிகாபதி'யில் தியாகராஜ பாகவதருக்கு எதிராக நிற்கும் உருத்திரசேனன் இவரே. கொடியோன் வேடமே இவர்க்குரியது என்று பலரும் துணிந்திருந்த காலத்தில், 1949இல் 'வேலைக்காரி' வந்தது. அதில், பழிவாங்கத் துடிக்கும் நண்பனைக் கைவாளினின்று மதிவழிக்குத் திருப்பும் தோழனாக நின்றார். சூழ்ச்சி அதே சூழ்ச்சிதான், நோக்கமே வேறு.

நிற்க. இவருடைய திறத்தை அளந்தறிய விரும்புவோர் 1964, 1965 ஆகிய ஈராண்டுகளில் வந்த இரு படங்களை அடுத்தடுத்துக் காண்பாராக.

ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'யில் இவர் பொருளாசை மிக்க தந்தை. மகனாகிய நாகேஷ் தான் எடுக்கக் கருதும் படத்தின் பேய்க்கதையைச் சொல்கிறார். பாலையாவுக்கு அங்கே வசனமென்று கூறத்தக்கது மிகச் சிறிது. கேட்பதே அவர் தொழில். விழி உருள்கிறது, உடல் ஒடுங்குகிறது, தொண்டையினின்று ஏதோ ஓர் ஓசை எழுகிறது. கதை சொல்வோனை நோக்கியா, கேட்போனை நோக்கியா நாம் நகைக்கிறோம் என்று வினவின் விடை கூறல் எளிதன்று. கேட்பவர் அஞ்சாவிடின் அக்கதையில் பேயே இல்லை!

ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'திருவிளையாடல்' வேறு. பாண்டியன் அவையில் இறுமாந்து பாடும் ஏமநாத பாகவதர் வேடம். குரல் பாலமுரளி கிருஷ்ணாவினுடையது. ஆயினும் அவ்விசையை உண்டு மகிழும் முகம் பாலையாவினுடையது. ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஏமநாதரை வெறும் மூடனாக நடித்திருப்பின் அவை நகைத்திருக்கும். ஆனால் விறகு விற்பவராக வந்த இறைவன் பெற்ற வெற்றியும் சிறுத்துப்போயிருக்கும். இவரோ செருக்கினூடே மெய்யான வித்துவத்தையும் காட்டினார். ஆதலின், இரவில் அவ்விறகுக்காரன் பாட்டைக் கேட்டதும் வியப்பு அச்சமாக மாறும் அந்நேரத்தில், தோற்பவர்மீது நமக்கு இரக்கமே பிறக்கிறது. எதிரியை உயர்த்திக் காட்டுதல் கம்பர் இராவணனிடத்துக் கைக்கொண்ட நெறியன்றோ?

பாலசந்தரின் 'பாமா விஜயம்' (1967) இவரை நகையினின்று கவலைக்குக் கொண்டு செல்கிறது. நடிகை ஒருத்தி அண்டை வீட்டுக்கு வந்தமையால், பிள்ளைகளும் மருமக்களும் ஆடம்பரத்தில் வீழ்வதைக் கண்டு வருந்தும் தந்தை அவர். குடும்பத் தலைவர் எவரும் அத்தந்தையிடத்துத் தம்மைக் காண்பர்.

இவர் எல்லாப் படத்திலும் ஒரே தரத்தினர் என்று யாம் கூறோம். சொல்லை இழுத்து நீட்டும் அவ்வழக்கம் சிலவிடத்துத் தேவைக்கு மேலும் வந்ததுண்டு. எனினும் அதே குரல் வஞ்சகர்க்கும் அப்பாவிக்கும் பொருந்தியமை வியத்தற்குரியது.

கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையினின்று எழுந்த 'தில்லானா மோகனாம்பாள்' 1968இல் வெளியாயிற்று. சிவாஜி கணேசன் நாகசுரம் ஏந்த, பாலையா தவிற்காரர் முத்துராக்காக அவரருகே அமர்ந்தார். நாகசுரம் சேதுராமன், பொன்னுசாமி சகோதரர் வாசித்தது. மேளத்தில் தவில் பக்கவாத்தியமே. ஆனால் தாளம் அதன் கையில் உள்ளது. அதன்பின் நான்காண்டில், 1972இல், பாலையா மறைந்தார்.