யார் கைக்குப் போகிறது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டை ஒழித்துக் கொடுக்கும் பொறுப்பை என் அண்ணன் உன்னிடம் விட்டிருக்கிறார் என்று கேட்டதில் எனக்குச் சந்தோஷம். ஆயா காலமெல்லாம் சேர்த்த சாமான். லாஸ்பேட்டை ஃபிளாட்டில் அதில் கால்வாசிகூடக் கொள்ளாது. மீதிக்கு நீ போனில் ஒரு வழி சொன்னாய்: "கேட்டுக்கு வெளிய வச்சிட்டா வேணும்ங்கறவங்க எடுத்துக்கப் போறாங்க அத்தை. பிரான்சுல, சார்செல்ல, என் அண்ணன் வீட்டுல அப்படித்தானே செய்றாங்க?" போனில் பதில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

நீ சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. நம் தெருவில் நல்ல மரநாற்காலி ஒன்றைக் காலையில் வாசலில் வைத்தால் மதியத்துக்குள் அது யாருக்காவது உட்கார உதவும். ஆனால் அந்த வீட்டில் இருப்பதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார். பிரம்பு அறுந்த சாய்வு நாற்காலி, கண்ணாடிக் கதவு வைத்த பீரோ, இலவம்பஞ்சு மெத்தை இரண்டு, தாத்தாவின் பிரெஞ்சுப் புத்தகங்கள், டப்பா டிவி, மூட்டை மூட்டையாகத் துணி. இவற்றை வெளியே வைத்தால் என்ன நடக்கும் என்பதைப் பலமுறை பார்த்தவள் நான்.

முதலில் வருபவர் இரும்பு பொறுக்குகிறவர். அவருக்கு வேண்டியது பீரோவின் கைப்பிடியும் கீலும்தான். அதைப் பெயர்க்கும்போது கண்ணாடி உடையும். உடைந்த கண்ணாடி தெருவிலேயே கிடக்கும். துணி மூட்டையை ஒருவர் அவிழ்த்து நல்ல புடவை இரண்டை எடுத்துக்கொள்வார். அவிழ்த்த மூட்டையை யாரும் திரும்பக் கட்டுவதில்லை. ராத்திரி நாய் இழுக்கும். தலையணை ஒன்று வாய்க்காலில் விழும். மறுநாள் காலையில் தள்ளுவண்டியோடு வரும் துப்புரவுத் தொழிலாளி, பெரும்பாலும் உன் அம்மா வயதுப் பெண், அந்த மெத்தையைத் தூக்கப் பார்ப்பார். அவருடைய வண்டி வீட்டுக் குப்பைக்கானது. கட்டிலும் மெத்தையும் அதில் ஏறாது.

மெத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆயாவின் மெத்தை இலவம்பஞ்சு. கட்டிதட்டிப் போயிருந்தாலும் பஞ்சு கெட்டுப்போவதில்லை. மெத்தை தைப்பவர் உறையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்து, அடித்துப் பிரித்து, புதுத் துணியில் அடைத்துத் தைத்தால் இன்னும் பல வருஷம் வரும். அதே மெத்தை ஒரு ராத்திரி மழையில் நனைந்தால் இரண்டு ஆள் சேர்ந்தும் தூக்க முடியாத பாரமாகிவிடும். பிறகு அது குருமாம்பேட் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் ஊர்ப் பக்கம் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை கொட்டியதே, நினைவிருக்கிறதா? ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஜனங்கள் ஊறிப்போன மெத்தைகளைத் தெருவில் போட்டார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை. உனக்கு வழி இருக்கிறது, கையில் ஒரு மாத அவகாசமும் இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, வீட்டில் உண்டாகும் கழிவைத் தெருவிலோ பொது இடத்திலோ வாய்க்காலிலோ போடக் கூடாது. நீ தானம் என்று நினைத்து வைத்தாலும், யாரும் எடுக்காத நிமிஷத்திலிருந்து அது தெருவில் கொட்டிய குப்பைதான்.

பிரான்சில் எல்லாரும் வாசலில் வைக்கிறார்கள் என்பதும் பாதிக் கதை. பாரீஸ் நகரத்தையே எடுத்துக்கொள். பெரிய சாமானைப் போட வேண்டுமென்றால் மாநகராட்சியிடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அவர்கள் ஓர் எண் கொடுப்பார்கள். அதைச் சாமான் மேல் ஒட்டி, சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில் வைக்க வேண்டும். பதிவில்லாமல் வைத்தால் அபராதம். அதாவது அங்கே நடைபாதையில் நிற்கும் சோஃபாவுக்காக ஒரு வண்டி வரும் என்பது முன்னாலேயே தீர்மானமான விஷயம். நல்ல நிலையில் உள்ளதை எம்மாவூஸ் போன்ற அமைப்புகள் வாங்கிக்கொள்ளும். 1949-இல் தொடங்கிய அமைப்பு அது. வீடு இல்லாதவர்கள் பழைய சாமான்களைச் சேகரித்து, பழுது பார்த்து, விற்று, அந்த வருமானத்தில் தங்கள் வாழ்க்கையை நடத்திக்கொண்டதுதான் அதன் ஆரம்பம்.

"சரி, அப்படியானால் எல்லாவற்றையும் ஏதாவது இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம்" என்று நீ சொல்வாய். அங்கேதான் நான் உன்னை நிறுத்த நினைக்கிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நீ பிறக்கவில்லை. நான் கல்லூரி முடித்த புதிது. நிவாரணத் துணிகளைப் பிரித்து அடுக்கும் வேலைக்கு எங்களை அழைத்தார்கள். லாரி லாரியாகத் துணி வந்தது. மூட்டையைப் பிரித்தால் காலர் கிழிந்த சட்டை, பட்டனே இல்லாத ரவிக்கை, கறை படிந்த உள்பாவாடை, ஒற்றைச் செருப்பு. நம் கடற்கரை வெயிலுக்குக் கம்பளி ஸ்வெட்டர். மீனவக் குடும்பங்கள் பழந்துணி வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். கடலை நம்பிக் கௌரவமாக வாழ்ந்தவர்கள் அவர்கள். வீடு போன மறுநாளே யாரோ கழித்துப்போட்டதைக் கட்டிக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. அது முற்றிலும் நியாயம். நாகப்பட்டினத்திலும் கடலூர்க் கரையிலும் அந்தத் துணிகள் சாலையோரமாகக் குவிந்து மழையிலும் மண்ணிலும் கிடந்தன. அனுப்பியவர்கள் எல்லாரும் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்தார்கள். குவியலை அப்புறப்படுத்தும் வேலை, ஏற்கெனவே எல்லாம் இழந்த ஊர்களின் தலையில் விழுந்தது.

யாருக்கும் ஆகாமல் கிடந்த அந்தத் துணிகளைப் பிரித்து உருப்படியாக்கும் வேலையில் கூஞ்ச் என்ற டில்லி அமைப்பு இறங்கியது. அன்ஷு குப்தா 1999-இல் தொடங்கியது. அவருக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. அவர்கள் செய்வதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: கிராமத்து மக்கள் தங்கள் ஊருக்காகக் கிணறு தூர் வாருகிறார்கள், பாதை போடுகிறார்கள். அந்த உழைப்புக்குப் பதிலாகத் துணியும் சாமானும் பெறுகிறார்கள். யாரும் கையேந்துவதில்லை. உடுத்த உதவாத பருத்தித் துணியைச் சுத்தம் செய்து, வெட்டி, மாதவிலக்குக் காலத்துக்கான துணிப் பட்டைகளாக்குகிறார்கள். பழந்துணிக்கு இவ்வளவு மரியாதை கிடைக்க வேண்டுமானால், ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து இது யாருக்கு என்று யோசிக்க ஓர் ஆள் வேண்டும். உன் வீட்டில் அந்த ஆள் நீதான்.

ஆகவே ஒவ்வொரு சாமானையும் தொடும்போது கேட்டுக்கொள்: இது யார் கைக்குப் போகிறது? பதில் தெரிந்தால் கொடு. தெரியாவிட்டால் தெருவிலும் வைக்காதே, இல்லத்து வாசலிலும் இறக்காதே. இல்லத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலில் போன் செய்து என்ன தேவை என்று கேள். முதியோர் இல்லங்களில் துணி குவிந்து கிடக்கும், படுக்கை விரிப்புக்கும் சோப்புக்கும் தட்டுப்பாடு இருக்கும். கேட்காமல் கொண்டுபோனால் அவர்கள் மறுக்கச் சங்கடப்பட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

விற்பதில் கூச்சம் வேண்டாம். நீங்கள் படித்த பிள்ளைகள், பழைய சாமானை விற்பது அற்பம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது தவறாகப் படுகிறது. காசு கொடுத்து வாங்குபவர் அந்தச் சாமானை மதித்துத்தான் வாங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்கு ஒருமுறை நடந்து பார். துணி, பாத்திரம், பழைய புத்தகம் என்று வீதி முழுக்க விரித்திருப்பார்கள். அங்கே ஐம்பது ரூபாய்க்குச் சட்டை வாங்குபவர் பேரம் பேசுகிறார், பிடிக்காவிட்டால் போட்டுவிட்டுப் போகிறார். இலவசத்தில் அந்த உரிமை அவருக்கு இல்லை. காயலான் கடைக்காரர், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அம்மா, பழைய பேப்பர்க்காரர் எல்லாரும் நம் ஊரின் சாமான்களைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றுகிறவர்கள். பீரோவைக் காயலான் கடைக்குப் போடாதே. அது தேக்கு. ஆரோவில் போகும் வழியில் பழைய மரச்சாமான் வாங்கிச் சீர்செய்து விற்கும் கடைகள் இருக்கின்றன. அவர்களைக் கூப்பிட்டு விலை கேள். சாய்வு நாற்காலிக்குப் பிரம்பு பின்னித் தர ஆள் கிடைப்பார். பின்னியபின் அதை நானே எடுத்துக்கொள்கிறேன்.

துணியில் ஆயாவின் பட்டுப்புடவைகளைத் தனியே எடுத்து வை. பழைய அசல் சரிகை வெள்ளிக் கம்பியில் செய்தது. அதற்கென்றே வாங்குகிறவர்கள் உண்டு. மற்றதில் நீயே உடுத்தத் தயங்காததை மட்டும் துவைத்து, இஸ்திரி போட்டு, பட்டன் தைத்துக் கொடு. செருப்பை ஜோடியாகக் கட்டு. உடுத்த உதவாத பருத்தியை வெட்டி வை, மெக்கானிக் கடைகளில் கை துடைக்கத் துணி எப்போதும் வேண்டும். 2023 மே மாதம் மத்திய அரசு, பழைய துணி, புத்தகம், பொம்மை வாங்கி வைக்கும் மையங்களைத் திறக்கும்படி நகராட்சிகளைக் கேட்டுக்கொண்டது. இப்போது எங்கே வாங்குகிறார்கள் என்று நகராட்சி அலுவலகத்தில் விசாரி. வேண்டாததை ஒருவர் வைக்க, வேண்டியவர் எடுத்துக்கொள்ளும் அன்புச் சுவர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். 2015-இல் ஈரானின் மஷத் நகரத்தில் ஆரம்பித்த பழக்கம், பிறகு திருநெல்வேலியிலும் வந்தது. நல்ல எண்ணம். ஆனால் தினமும் பார்த்து அடுக்க ஆள் இல்லாத சுவர் சில வாரத்தில் கந்தல் குவியலாகிவிடும், அங்கே மட்டும் வைக்காதே.

புத்தகத்தில் ஓர் எச்சரிக்கை. உன் அண்ணன் படித்த தமிழ்நாட்டுச் சமச்சீர்ப் பாடநூல்களை இங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பயனில்லை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. பக்கத்துக் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, அங்கே தெரிந்த வீடுகளில் கேட்டுப் பார். தாத்தாவின் பிரெஞ்சுப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதே. பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும், 1827-லிருந்து இருக்கும் ரொமேன் ரோலன் நூலகத்திலும் ஒரு பட்டியல் எழுதிக் கொண்டுபோய்க் காட்டு. அவர்கள் வேண்டாம் என்றதை மட்டும் சந்தைக்குக் கொண்டுபோ.

கடைசியாக அந்த டப்பா டிவி. அதைத் தெருவிலும் வைக்காதே, போகிக்கு எரிக்கிற சாமானோடும் சேர்க்காதே, காயலான் கடைக்கும் போடாதே. அதன் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. செம்புக் கம்பிக்காக யாராவது அதை உடைப்பார்கள், வயரை எரிப்பார்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது எரிப்பவரும் பக்கத்தில் விளையாடும் குழந்தைகளும்தான். மின்னணுக் கழிவு முறையாக மறுசுழற்சி ஆவதை உறுதிசெய்யும் பொறுப்பு 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி தயாரிப்பாளர்களுக்கு உண்டு. அந்த டிவி கம்பெனியின் சேவை எண்ணைக் கூப்பிட்டு, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் யார் என்று கேள். பதில் வரும்வரை டிவி கூடத்திலேயே இருக்கட்டும். அவசரப்பட்டு யாரிடமும் கொடுத்துவிடாதே பாப்பா.

அன்புடன்,
உன் அத்தை