ஆடுற பல்லுக்கு லேசர் வைத்தியமா?



போன மாதம் ஒரகடம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். ஒரு அக்கா 30,000 ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்றால், "பல்லு ஆடுது. லேசர் வெளிச்சம் காட்டி, ஸ்டெம் செல் வெச்சா கெட்ட பல்லு உயிர் பிடிக்குமாம்" என்றார். அவருக்கு ஐந்து வருஷமாகச் சர்க்கரை. கம்பெனி கேன்டீனில் நைட் ஷிப்ட் வந்தால் மாத்திரையை விட்டுவிடுவாராம்.

அவர் கேள்விப்பட்டது முழுப் பொய்யில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் மெத்தென்ற சதை இருக்கிறது. அதில் வாழைக்குருத்து மாதிரி, புதுத் திசுவை உண்டாக்கும் செல்கள் உண்டு. அதுதான் ஸ்டெம் செல். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தால் இந்தக் குருத்து சோர்ந்துவிடும். சோர்ந்த செல்லுக்கு மெல்லிய லேசர் ஒளியும், மெட்பார்மின் போன்ற மருந்தும் கொடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்க்கிறார்கள். சில ஆய்வுகளில் செல்கள் தெளிந்திருக்கின்றன. ஆனால் அது தட்டில் வளர்த்த செல். நம் வாயில் ஆடுற பல்லைக் கெட்டியாக்கும் வைத்தியமாக இன்னும் வரவில்லை. ஈறு சிகிச்சைக்கு டாக்டர்கள் லேசர் பயன்படுத்துவது வேறு. பல்லின் ஸ்டெம் செல்லைக் காசு வாங்கிச் சேமித்து வைப்பதையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை அனுமதிக்கவில்லை.

மெட்பார்மின் நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் அதே சர்க்கரை மாத்திரைதான். பல்லுக்காக ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுடாதீங்க!

சர்க்கரைக்காரருக்குப் பல் ஆடுவது பெரும்பாலும் ஈறு நோயால். ஈறில் சீழ் கட்டி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. அந்தச் சீழ் திரும்பச் சர்க்கரையையும் ஏற்றும். ஈறின் அடிவரை சுத்தம் செய்தால் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (ஹெச்பிஏ1சி) கொஞ்சம் இறங்குவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. "சுத்தம் பண்ணா பல்லு ஆடும்" என்று நம் ஊரில் சொல்வார்கள். ஏற்கெனவே ஆடுற பல்லை மறைத்து நிற்பது அந்தக் காரைதான். பல் பிடுங்கப் போனால் சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை வாங்கப் போக நேரமில்லை என்பவர்களுக்கு: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். கொண்டுவரும் தன்னார்வலர்கள் நம்மைப் போல மகளிர் குழுப் பெண்கள்தான்.

அந்த அக்காவின் கடன் இன்னும் முடிவாகவில்லை. பல் டாக்டரைப் பார்த்து, ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டோடு அடுத்த கூட்டத்துக்கு வரட்டும் என்று தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறார்கள்.