தொப்பை எப்போது கரையும்?

கொல்கத்தா நகரின் கிழக்கே ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் சால்ட் லேக். உப்பு ஏரி என்று பொருள். பிதான்நகர் என்பது அதன் அரசுப் பெயர்.

முன்பு அங்கே ஊர் இல்லை. உப்பு நீர் தேங்கிய சதுப்பு நிலம்தான் இருந்தது. டாக்டர் பி.சி. ராய் மேற்கு வங்க முதலமைச்சராக இருந்தபோது, 1962இல் வேலை தொடங்கியது. ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய் வழியாகக் கொண்டு வந்தார்கள். பள்ளத்தை நிரப்பி மேடாக்கினார்கள். அது ஒரு நாளில் முடிந்த வேலை அல்ல. பல ஆண்டுகள் ஆயின.

இன்று அங்கே அகலமான தெருக்கள் இருக்கின்றன. குடியிருப்புகளுக்கு நடுவே பூங்காக்கள் இருக்கின்றன. சென்ட்ரல் பார்க் என்ற பெரிய பூங்காவும் உண்டு. காலையில் ஆண்களும் பெண்களும் அங்கே நடக்கிறார்கள். ஊரின் ஐந்தாம் பகுதியில் கம்ப்யூட்டர் அலுவலகங்கள் நிறைந்துள்ளன. அங்கே வேலை என்றால் பெரும்பாலும் உட்கார்ந்து செய்யும் வேலைதான்.

நடப்பவர்கள் பலருக்கு ஒரு கவலை உண்டு. "முகம் மெலிகிறது. கை மெலிகிறது. தொப்பை மட்டும் போகவில்லையே!" இந்தக் கவலை நம் ஊரிலும் உண்டு. இதற்கு என்ன காரணம்? பார்ப்போம்.

கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

நாம் உண்ணும் உணவு நமக்குச் சக்தி தருகிறது. அந்தச் சக்தியைக் கலோரி என்ற அளவால் அளக்கிறார்கள். துணியை மீட்டரால் அளப்பது போல.

உடல் உழைக்கும்போது சக்தி செலவாகிறது. செலவு போக மீதி இருந்தால் உடல் அதை வீணாக்காது. கொழுப்பாக மாற்றிச் சேர்த்து வைக்கும். சால்ட் லேக்கில் வண்டல் சேர்ந்தது போலத்தான் இதுவும். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். பல ஆண்டுகள் கழித்து மேடாகத் தெரியும்.

இரண்டு வகைக் கொழுப்பு

வயிற்றில் இரண்டு வகைக் கொழுப்பு உண்டு.

ஒன்று தோலுக்கு அடியில் இருப்பது. இதைக் கையால் பிடித்துப் பார்க்கலாம்.

மற்றொன்று உள்ளே இருப்பது. ஈரல், குடல் ஆகியவற்றைச் சுற்றி இருக்கும். கையால் பிடிக்க முடியாது. இதுதான் அதிக ஆபத்தானது. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு ஆகியவை வர இது வழி செய்கிறது.

ஆள் ஒல்லியாக இருந்தாலும் வயிறு மட்டும் பெரிதாக இருக்கலாம். நம் நாட்டில் இது அதிகம். 2019 முதல் 2021 வரை தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. நூறு பெண்களில் 40 பேருக்கு இடுப்புச் சுற்றளவு அதிகம் என்று அதில் தெரிந்தது. ஆண்களில் நூற்றுக்கு 12 பேருக்கு அதிகம்.

அளந்து பாருங்கள்

இதற்கு எடை பார்க்கும் இயந்திரம் வேண்டாம். தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும்.

காலையில் சாப்பிடும் முன் அளக்க வேண்டும். நேராக நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம். வயிற்றை எக்க வேண்டாம். மூச்சை விட்டதும் அளவைப் பாருங்கள்.

ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடினால் கவனம் தேவை.

வயிற்றை மட்டும் குறைக்க முடியுமா?

முடியாது.

வயிற்றில் பெல்ட் கட்டினால் வியர்வைதான் போகும். கொழுப்பு போகாது. எண்ணெய் தேய்த்தாலும் கரையாது. படுத்து எழும் பயிற்சி நல்லது. அது வயிற்றுத் தசையை உறுதியாக்கும். ஆனால் தசையின் மேல் உள்ள கொழுப்பை அது மட்டும் தனியாகக் கரைக்காது.

உடலுக்குச் சக்தி தேவைப்படும்போது கொழுப்பை எடுக்கும். எந்த இடத்தில் இருந்து எடுப்பது என்பதை உடல்தான் தீர்மானிக்கும். நாம் தீர்மானிக்க முடியாது. பல ஆண்களுக்கு வயிற்றுத் தோலடியில் உள்ள கொழுப்பு கடைசியில்தான் குறையும். பல பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் உள்ள கொழுப்பு கடைசியில் குறையும்.

ஆனால் ஒரு நல்ல செய்தி உண்டு. உணவைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தால், உள்ளே இருக்கும் ஆபத்தான கொழுப்பு சீக்கிரம் குறையத் தொடங்கும். இது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியில் தொப்பை அப்படியே இருப்பது போலத் தோன்றும். அப்போதே ஈரலுக்கும் இதயத்துக்கும் நன்மை தொடங்கியிருக்கும்.

பலர் இந்த நேரத்தில்தான் மனம் தளர்ந்து விட்டு விடுகிறார்கள். அப்படி விடக் கூடாது.

ஒரு கணக்குப் போடுவோம்

சால்ட் லேக்கில் ஓர் அலுவலகக் காவலாளி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுவதும் நாற்காலியில் இருக்கிறார். நான்கு டீ குடிக்கிறார். டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. மாலையில் ஒரு பெரிய சமோசா.

ஒரு சிறு கரண்டி சர்க்கரையில் 20 கலோரி உண்டு. ஒரு நாளைக்கு எட்டுக் கரண்டி. 8 × 20 = 160 கலோரி.

இனி அவர் டீக்கு ஒரு கரண்டி சர்க்கரை போடுகிறார். 80 கலோரி குறைகிறது. சமோசாவுக்குப் பதில் வங்காளிகள் விரும்பும் பொரியைத் தின்கிறார். வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய் சேர்த்துக் கொள்கிறார். ஏறக்குறைய 140 கலோரி குறைகிறது. அரை மணி நேரம் வேகமாக நடக்கிறார். ஏறக்குறைய 100 கலோரி செலவாகிறது.

80 + 140 + 100 = 320 கலோரி.

ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி உண்டு. நாள்தோறும் 320 என்றால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு கிலோ குறையும். போகப் போக வேகம் குறையலாம். கவலை வேண்டாம். 80 கிலோ எடை உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே உடலுக்கு நல்ல பலன் உண்டு.

ஆனால் ஒன்று. ஒரு சமோசா தின்ன ஐந்து நிமிடம் போதும். அதன் சக்தியைச் செலவு செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். ஆகவே நடந்தால் மட்டும் போதாது. வாயையும் கவனிக்க வேண்டும்.

என்ன சாப்பிடலாம்?

சோற்றை அடியோடு விட வேண்டாம். அளவைக் குறையுங்கள். தட்டில் பாதி காய்கறியும் கீரையும் இருக்கட்டும். பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். இவை தசையைக் காக்கும். பசியையும் அடக்கும்.

எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். ஒரு சிறு கரண்டி எண்ணெயில் 45 கலோரி உண்டு. ரசகுல்லாவோ லட்டோ விசேஷ நாளில் ஒன்று போதும்.

பட்டினி கிடக்க வேண்டாம். பட்டினி கிடந்தால் தசை கரையும். பிறகு பசி அதிகமாகி அதிகம் உண்போம்.

என்ன பயிற்சி செய்யலாம்?

வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் வேகமாக நடங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழலாம். சுவரில் கை ஊன்றி உடலைத் தள்ளலாம். பத்து முறையில் தொடங்குங்கள்.

மனோகர் ஐச்

சால்ட் லேக்கின் பக்கத்தில் பாகுயாட்டி என்ற இடம் இருக்கிறது. அங்கே மனோகர் ஐச் என்பவர் வாழ்ந்தார். அவர் உயரம் 4 அடி 11 அங்குலம்தான்.

வெள்ளையர் காலத்தில் விமானப் படையில் வேலை செய்தார். ஒரு வெள்ளை அதிகாரியுடன் மோதிச் சிறை சென்றார். சிறையில் கருவிகள் இல்லை. ஆனாலும் உடற்பயிற்சியை விடவில்லை. பிறகு வறுமையில் சியால்டா ரயில் நிலையத்தில் இளநீர் விற்றார். அப்போதும் விடவில்லை. 1952இல் லண்டனில் நடந்த மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில், குள்ளமானவர்கள் பிரிவில் வென்றார். சோறு, பருப்பு, காய்கறி, மீன் ஆகியவை அவர் உணவில் இருந்தன. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2016இல் காலமானார்.

எல்லோரும் அவரைப் போல ஆக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் பயிற்சிக்குப் பணமும் கருவியும் அவசியம் இல்லை என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

கவனம்

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் தாமாக உணவைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் முதலில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கேட்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

"பத்தே நாளில் தொப்பை மாயம்" என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். பல ஆண்டுகளாகச் சேர்ந்தது பத்து நாளில் போகாது.

நினைவில் வையுங்கள்

வயிற்றை மட்டும் தனியாகக் குறைக்க முடியாது.
உணவும் நடையும் சேர்ந்தால்தான் பலன்.
வெளியே தெரியும் முன்பே உள்ளே நன்மை தொடங்கும்.

விடை சொல்லுங்கள்

1. எந்தக் கொழுப்பு அதிக ஆபத்தானது? ஏன்?
2. பெல்ட் கட்டினால் தொப்பை ஏன் குறையாது?
3. நீங்கள் ஒரு நாளில் எத்தனை கரண்டி சர்க்கரை உண்கிறீர்கள்? அதில் எத்தனை கலோரி? கணக்குப் போடுங்கள்.
4. உங்கள் வீட்டில் எல்லோருடைய இடுப்பையும் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள்.