கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதம் கிடைத்தது. கூட வைத்திருந்த மனுவையும் இரண்டு முறை படித்தேன். கார்கிவில் உன்னோடு மருத்துவம் படித்தவர்கள் எழுதியது என்கிறாய். மேற்கத்திய நாடுகள் உக்ரைனுக்கு ஆயுதம் கொடுப்பதால்தான் போர் நீள்கிறது, அதை உடனே நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

2022 மார்ச்சில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே கார்கிவுக்கு வெளியே பெசோச்சின் வரை நடந்தே போனவன் நீ. மெட்ரோ நிலையத்துத் தரையில் படுத்துத் தூங்கியவன் நீ. நான் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. ஆனால் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் காலம் தள்ளியவன் என்பதால், ஆயுதம் எப்படி உருவாகிறது, எங்கே தாமதமாகிறது என்பது ஓரளவு தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் பணக் கணக்கு. 2024 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் உக்ரைனுக்கென்று சுமார் 6,100 கோடி டாலரை ஒதுக்கியது. அத்தனையும் கீவுக்குப் போய் இறங்கியதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதில் சுமார் 2,300 கோடி டாலர், அமெரிக்கா தன் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்த ஆயுதங்களுக்குப் பதிலாகத் தனக்கே புதியவை வாங்கிக்கொள்ள. பணம் அங்கேயே, அவர்கள் ஆலைகளுக்குள்ளேயே சுற்றுகிறது. கொடுக்கிறவர்களின் சுயநலம் பற்றி உன் நண்பர்கள் எழுதியிருப்பதில் தவறில்லை.

பணம் ஒதுக்கியதும் குண்டு வந்துவிடாது என்பதையும் சேர்த்துப் பார். 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்று சுமார் 45 கிலோ. உருக்குக் கட்டையை அறுத்து, சிவக்கக் காய்ச்சி, பிரஸ்ஸில் வைத்துக் குத்தி உள்ளே கூடாக்க வேண்டும். பிறகு மூக்கைக் கூம்பாக்கி, லேத்தில் கடைந்து, அடிப்பக்கம் செம்பு வளையம் இறுக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த வேலை நடக்கும் முக்கிய ஆலை பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் ஊரில் இருக்கிறது. ஒரு காலத்தில் நீராவி என்ஜின் பழுதுபார்த்த கூடம் அது. நம்ம பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் மாதிரி என்று வைத்துக்கொள். வெடிமருந்து நிரப்புவது இன்னொரு மாநிலமான அயோவாவில். போருக்கு முன்பு அமெரிக்கா முழுவதுமாக மாதம் 14,000 குண்டுதான் செய்தது. 2023 கோடையில் உக்ரைனுக்கு அது மூன்று நாளுக்குக் காணாது. புது பிரஸ் ஒன்றை ஆர்டர் கொடுத்து, வந்து, நிறுத்தி, இன்ஸ்பெக்‌ஷன் தேறும் உருப்படி வெளியே வர ஒரு வருஷம் சர்வ சாதாரணமாக ஓடிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில், பன்னிரண்டு மாதத்தில் பத்து லட்சம் குண்டு தருவதாக வாக்குக் கொடுத்தது. கெடு முடிந்தபோது பாதிதான் போயிருந்தது. பத்திரிகைக்காரர்கள் அதற்காகத் திட்டினார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை.

இப்போது மனுவின் முக்கிய வரிக்கு வருகிறேன். ஆயுதத்தை நிறுத்தினால் போர் நிற்குமா? ஊகிக்க வேண்டியதில்லை, இரண்டு முறை நடந்தே இருக்கிறது. 2023 அக்டோபரில் பைடன் கேட்ட நிதி ஆறு மாதம் நாடாளுமன்றத்தில் முடங்கிக் கிடந்தது. கையில் இருந்த நிதி அந்த டிசம்பரோடு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. அந்த இடைவெளியில் ரஷ்யா நிதானம் காட்டியதா? 2024 பிப்ரவரி 17 அன்று அவ்தீவ்கா நகரம் ரஷ்யாவின் கையில் விழுந்தது. ஐரோப்பாவில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைவராக இருந்த ஜெனரல் கவோலி ஏப்ரலில் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்: ரஷ்யா ஐந்து குண்டு சுட்டால் உக்ரைனால் ஒன்றுதான் சுட முடிகிறது, சில வாரங்களில் அது பத்துக்கு ஒன்றாகிவிடும் என்று. 2025 மார்ச்சில் டிரம்ப் நிர்வாகம் ஆயுதத்தையும் உளவுத் தகவலையும் சில நாள் நிறுத்தி வைத்தது. அந்த நாட்களில் ரஷ்யப் படை தன் கூர்ஸ்க் பகுதியில் வேகமாக முன்னேறி, உக்ரைன் பிடித்து வைத்திருந்த சூஜா நகரத்தைத் திரும்பப் பிடித்தது. சுடுவதை நிறுத்தியவர்கள் யாரும் இல்லை, ஒரு பக்கத்தின் கை கட்டப்பட்டது, அவ்வளவுதான்.

உன் கார்கிவையே எடுத்துக்கொள். ரஷ்ய எல்லையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். எல்லைக்கு அந்தப் பக்கம் பெல்கரோட் பகுதியிலிருந்து எஸ்-300 ஏவுகணையை விட்டால் நகரத்தில் சைரன் ஊதி முடிவதற்குள் விழுந்துவிடும். ஏவும் இடத்தை அடிக்க உக்ரைனிடம் ஆயுதம் இருந்தது, ஆனால் அமெரிக்க ஆயுதத்தை எல்லை தாண்டிப் பயன்படுத்த அனுமதி இல்லை. 2024 மே 10 அன்று வோவ்சான்ஸ்க் பக்கம் ரஷ்யா புதிதாகப் படையெடுத்த பிறகு, அந்த மாதக் கடைசியில்தான் கார்கிவ் எல்லையோரத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு நகரத்தில் தாக்குதல் குறைந்தது என்று மேயர் தெரெகோவே சொன்னார். நீ படுத்திருந்த மெட்ரோ நிலையங்களில் இப்போது பள்ளி வகுப்புகள் நடக்கின்றன. 2024 மே மாதம் தரைக்கடியிலேயே ஒரு பள்ளிக்கூடமும் கட்டித் திறந்தார்கள். அனுமதி இரண்டு வருஷம் முன்பே வந்திருந்தால் எத்தனை வீடு மிஞ்சியிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதனால் நான் உன் நண்பர்கள் சொல்வதைத் திருப்பிப் போட்டுச் சொல்வேன். போர் நீண்டதில் உதவிக்குப் பங்கு உண்டென்றால், அது கொடுத்ததால் வந்தது இல்லை, கொடுத்த விதத்தால் வந்தது. எதைக் கேட்டாலும் முதலில் முடியாது, பிறகு பார்க்கலாம், பிறகு கொஞ்சம். ஜெர்மனி 2022 ஜனவரியில் ஐயாயிரம் ஹெல்மெட் தருவதாகச் சொல்லி ஊர் சிரித்தது. லெப்பர்டு டாங்கிக்கு ஒரு வருஷம் வாதாடி 2023 ஜனவரியில் சரி என்றது. எஃப்-16 விமானத்துக்கு 2023 மேயில் தலையாட்டினார்கள், விமானம் வந்தது 2024 ஆகஸ்ட் வாக்கில். ஒவ்வொரு முறையும் எதிரிக்குப் பதுங்குகுழி தோண்டவும் கண்ணிவெடி புதைக்கவும் அவகாசம் கிடைத்தது. அணுகுண்டு பயம் அதற்குக் காரணம் என்பார்கள். பயம் நியாயமானதுதான், ஆனால் கடைசியில் இவற்றையெல்லாம் கொடுத்தார்களே!

நடுநிலை என்று மனுவில் ஒரு பத்தி வருகிறது. ஜெர்மனி கொடுத்த கெப்பார்டு விமான எதிர்ப்பு பீரங்கிக்கு சுவிட்சர்லாந்தில் செய்த தோட்டா ஜெர்மனியிடம் இருந்தது. நடுநிலை நாடு என்பதால் அதைக் கைமாற்ற சுவிஸ் அரசு அனுமதிக்கவில்லை. ஈரானிய ஷாஹெத் டிரோன்களைச் சுட்டு வீழ்த்தும் பீரங்கி அது. ரைன்மெட்டால் நிறுவனம் ஜெர்மனியில் தோட்டா உற்பத்தியைப் புதிதாகத் தொடங்கி அனுப்ப 2023 செப்டம்பர் ஆனது. அந்த நடுநிலை யாருக்கு உதவியது என்று நீயே சொல்.

உதவி பேச்சோடு நின்றால் என்ன ஆகும் என்பதற்குப் பின்லாந்தின் கதையும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை நுழைந்தது. பிரிட்டனும் பிரான்சும் படை அனுப்புவது பற்றிப் பேசிக்கொண்டே இருந்தன. 1940 மார்ச்சில் பின்லாந்து சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் பத்தில் ஒரு பங்கு நிலத்தைக் கொடுத்தது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அடுத்த வருஷமே அந்த நாடு ஹிட்லரின் ஜெர்மனியோடு சேர்ந்து போருக்குப் போனது. பாதியில் விடப்பட்டவன் யார் கையையும் பிடிப்பான்.

ஒரு விஷயத்தில் உன் நண்பர்களோடு முழுக்க உடன்படுகிறேன். 2023 ஜூலையில் அமெரிக்கா கொத்துக் குண்டுகளைக் கொடுத்தது, சாதாரணக் குண்டு போதவில்லை என்று காரணம் சொல்லி. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் தடை செய்த சாமான் அது. ரஷ்யா அதைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்துகிறது என்பது உண்மை, ஆனாலும் வெடிக்காமல் வயலில் கிடக்கும் சில்லறைக் குண்டு பத்து வருஷம் கழித்து ஆடு மேய்க்கும் பையனின் காலைத்தான் எடுக்கும். நாளைக்கு அந்தக் காலுக்குக் கட்டுப் போடப் போகிறவன் நீ. அந்த வரியை இன்னும் அழுத்தமாகவே எழுதச் சொல்.

மனுவில் விட்டுப்போனவை இரண்டு. ரஷ்யாவுக்கு வட கொரியா கொடுக்கும் குண்டுகள் பற்றி ஒரு சொல் இல்லை. 1994-ல் புடாபெஸ்டில், உக்ரைன் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, அதன் எல்லையை மதிப்போம் என்று ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்துப் போட்டது பற்றியும் இல்லை.

ஆகவே மாப்பிள்ளை, இந்த மனுவில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதே. ரஷ்யப் படை எல்லைக்கு அப்பால் திரும்பிப் போக வேண்டும் என்பதை முதல் வரியாகச் சேர்க்கச் சொல், ஆயுதத்தை நிறுத்தும் வரியை எடுக்கச் சொல், கொத்துக் குண்டு இரண்டு பக்கமும் கூடாது என்று எழுதச் சொல். ஒப்புக்கொண்டால் போடு. என் பெயரையும் சேர்த்துக்கொள். மறுத்தால், சண்டை போடாமல் ஒதுங்கிக்கொள். அவர்களும் உன்னைப் போல அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள்தான்.

அன்புடன்,
உன் மாமா